‘இல்லை’ என்று எழுதியவள்

இந்த ஊர்க்காரர்கள் சளியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள். சிரிக்காதீர்கள், கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் பெரிய மனிதர் கோட்டுப் பையிலிருந்து இஸ்திரி போட்ட வெள்ளைக் கைக்குட்டையை எடுப்பார். பஸ் அதிரும்படி மூக்கைச் சிந்துவார். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பிறகு அதை நாலாக மடித்து, கோயில் விபூதிப் பொட்டலத்தை வைப்பது போலப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொள்வார். வந்த புதிதில் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் ஒரு நாள் தேநீர் வேளையில், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “எங்கள் ஊரில் இதையெல்லாம் உடனே வெளியே போட்டுவிடுவோம்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். “எங்கே போடுவீர்கள்?” என்று கேட்டாள். “தெருவில்தான்” என்றேன். அவள் கடிக்கப்போன பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் என் எதிரில் அவள் எதுவும் சாப்பிடவில்லை.

நான் திருச்சி பொன்மலைக்காரி. அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பதுகளின் கடைசியில் திருச்சியில் ஒரு காசநோய் கிளினிக்கில் நர்ஸாக இருந்தேன். இப்போது இங்கிலாந்தின் வடக்கே, எங்கே பார்த்தாலும் ஆலைப் புகைபோக்கியாக நிற்கும் ஒரு நூற்பாலை நகரத்தில், மார்பு நோய் வார்டில் வேலை. சளியும் இருமலும்தான் அங்கேயும் இங்கேயும் என் பிழைப்பு. அதனால்தான் போன வாரம் வீட்டிலிருந்து வந்த கடிதத்தில் ஒரு வரியைப் படித்ததும் விரல் விட்டு மாதத்தை எண்ணினேன். ‘அம்மாவுக்கு ஐப்பசியிலிருந்து கொஞ்சம் இருமல். மழைக்காலம் அல்லவா, வேறு ஒன்றுமில்லை, நீ கவலைப்படாதே’ என்று தங்கை எழுதியிருந்தாள். தங்கையின் பெயரைப் பத்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மாசி. மழை நின்று எவ்வளவு நாளாகிறது! அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போ என்று நான் எழுதினால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். ‘அந்த மாதிரி வியாதியெல்லாம் நம் வீட்டில் யாருக்கும் கிடையாது’ என்று அம்மா சொல்லச் சொல்லப் பத்மா எழுதுவாள். அந்தப் பதிலை மறுக்க என்னிடம் ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. அதை ஒன்றரை வருஷமாக வீட்டுக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஸ்ரீரங்கத்துக் கோதையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் மறைத்தேன் என்பது உங்களுக்குப் புரியாது.

எங்கள் கிளினிக் டாக்டரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். நோயாளிகள் ரத்தம் ரத்தமாகத் துப்பிய பிறகுதான் ஜட்காவில் வந்து இறங்குகிறார்களே, அதற்கு முன்னாலேயே அவர்களைக் கண்டுபிடிக்க என்ன வழி என்பதுதான் அவருக்கு ராப்பகலாக யோசனை. நர்ஸுகள் வீடு வீடாகப் போய்க் கேட்டால் தெரியுமா? எப்படிக் கேட்டால் தெரியும்? சொல்லிக்கொடுத்தது வீட்டுக்குப் போன பிறகும் அவர்கள் மனசில் நிற்கிறதா? இதையெல்லாம் முறையாக எழுதிப் பார்ப்போம் என்று ஒரு படிவம் அச்சடித்தார். இருமல், சாயங்காலக் காய்ச்சல், இளைப்பு, பசியின்மை. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம், உண்டு அல்லது இல்லை. ‘உண்டு’ என்று சொல்கிறவர்களுக்கு மூடி போட்ட சின்னத் தகர டப்பா ஒன்று கொடுக்க வேண்டும். காலையில் எழுந்ததும், வாய் கொப்பளிப்பதற்கு முன்னால், அடி மார்பிலிருந்து வரும் சளியை அதில் துப்பிக் கொண்டுவர வேண்டும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

அடேயப்பா, அந்த டப்பா பட்ட பாடு! உப்பிலியபுரத்திலிருந்து ஓர் அம்மாள் முதல் பஸ் பிடித்து வந்தாள். டப்பாவைப் புளி போட்டுத் தேய்த்து, கண்ணாடி மாதிரி கழுவிக் கொண்டுவந்திருந்தாள். “சளி எங்கேம்மா?” என்றேன். “துப்பினேங்க. அதை எப்படி அழுக்கோட டாக்டர் கையில குடுக்கறது? அதான் கழுவிட்டேன்” என்றாள். மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கும் ஒருவர் தம்முடைய டப்பாவில் மச்சானையும் துப்பச் சொல்லிக் கொண்டுவந்தார். “ஒரே வீடுதானுங்களே, எதுக்கு ரெண்டு டப்பா? அவனுக்கும் இதுலயே பாத்துச் சொல்லிடுங்க.” நான் விழுந்து விழுந்து சிரித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. “அவங்க பேர்ல தப்பில்ல. நீ சொன்னதை அவங்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னியா?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து டப்பா கொடுக்கும்போதெல்லாம், “நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்” என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அதற்கும் படிவத்தில் ஓர் இடம் சேர்த்தார். நல்ல பலன் இருந்தது. எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் ஏறியது.

அந்தத் தலைக்கனத்தோடுதான் ஒரு புரட்டாசியில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். அங்கே டப்பா வரைக்கும் விஷயம் போகவே இல்லை. என் வெள்ளைப் புடவை தெரு முனையில் திரும்பியதுமே உத்திர வீதி முழுக்கச் செய்தி போய்விடும். எல்லா வீட்டிலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எல்லா வீட்டிலும் ‘இல்லை’தான். கோதையின் வீட்டு வாசற்படியில் அவளுடைய மாமியார் நின்றுகொண்டிருந்தார். “எங்காத்துல யாருக்கும் ஒண்ணுமில்லைம்மா. பெருமாள் கிருபையில எல்லாரும் சௌக்கியம்” என்றார். வயது வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வாயால் பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. “அவங்களே சொல்லணுங்க மாமி” என்றேன். கதவுக்குப் பின்னால் மடிசாரோடு நின்ற மருமகளைப் பார்த்து, “சொல்லேண்டி கோதை. உனக்கு இருமல் கிருமல் இருக்கா?” என்று கேட்டார் மாமியார். அவளுக்கு இருபத்தொரு வயதுக்கு மேல் இராது. “இல்லை” என்றாள். சொல்லிவிட்டுக் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையில் ஒரு மோதிரம். கழன்று விழாமல் இருக்க அதில் நூல் சுற்றியிருந்தது. புது நூல், இன்னும் அழுக்குக்கூட ஏறவில்லை. கல்யாணத்தின்போது சரியாக இருந்த மோதிரம் இப்போது ஏன் தளர்ந்தது என்று நர்ஸாகப்பட்டவளுக்குத் தெரியாதா? தெரிந்தது. ஆனால் என் படிவத்தில் நூலுக்குக் கட்டமில்லை. நாலு கேள்விக்கும் ‘இல்லை’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

மனசு கேட்கவில்லை. நாலு நாள் கழித்து மறுபடியும் போனேன். இன்றைக்கும் நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது. தெருவில் மற்ற எந்த வீட்டுக்கும் போகாமல் நேரே அந்த வாசலில் போய் நின்றேன். மாமியார் குரலை உயர்த்தவில்லை. “ஏம்மா, இந்தத் தெருவில எத்தனை ஆம் இருக்கு? எங்காத்து வாசலுக்கு மட்டும் ரெண்டாந்தடவை வந்து நிக்கறயே, நன்னாயிருக்கா? என் பொண்ணைப் பார்க்க அடுத்த வாரம் மனுஷா வரா. நீ நன்னாயிருப்பே, இனிமே இங்கே வராதே” என்றார். எதிர் வீட்டு ஜன்னலில் இரண்டு முகம் தெரிந்தது. டவுன் பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அந்த அம்மாளின் மேல் ஆத்திரமான ஆத்திரம். படிக்காத ஜனங்கள், உயிரைவிடக் கௌரவம் பெரிது இவர்களுக்கு என்று பொருமிக்கொண்டே வந்தேன். என் பேரில் தப்பிருக்கும் என்று தோன்றவே இல்லை.

இங்கே வந்த முதல் வருஷத்திலும் அதே தப்பைச் செய்தேன், வேறு மாதிரி. என் வார்டில் ஹார்ட்லி என்றொரு கிழவர் இருந்தார். ஐம்பது வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்ற நெசவாளி. காலையில் ஒவ்வொரு கட்டிலாகப் போய், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு அட்டையில் எழுத வேண்டும். அவர் தினமும், “மஸ்ன்ட் கிரம்பிள், நர்ஸ்” என்பார். குறை சொல்லக் கூடாது என்று அர்த்தம். குறை சொல்ல ஒன்றுமில்லை என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டு, ‘தொந்தரவு ஏதுமில்லை’ என்று ஒரு வாரம் எழுதினேன். அந்த ஒரு வாரமும் அவர் நெஞ்சு வலியில் ஒரு பக்கமாகத் திரும்பிப் படுக்கக்கூட முடியாமல் கிடந்திருக்கிறார். வார்டு ஸிஸ்டர்தான் கண்டுபிடித்தாள். இங்கே வார்டின் தலைமை நர்ஸை ஸிஸ்டர் என்பார்கள். இவள் ஒல்லியான, அதிகம் பேசாத பெண். தேநீர்க் கோப்பைகள் திரும்பிப் போகும்போது அவருடையது மட்டும் நிறைந்தபடியே போவதைப் பார்த்துவிட்டு, கோப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. உத்திர வீதியும் இந்த ஊரும் எங்கே இருக்கின்றன! கட்டிலில் கிடக்கும்போது மனுஷர் எல்லாரும் ஒரே மாதிரிதான் பொய் சொல்கிறார்கள்.

கோதை தை மாதத்தில் கிளினிக்குக்கு வந்தாள். வரவில்லை, கொண்டுவந்தார்கள். புருஷன்காரர், பாவம், ஏதோ ஆபீஸில் குமாஸ்தா. வேட்டியெல்லாம் ரத்தக்கறையோடு ஜட்காவிலிருந்து அவளைத் தூக்கி இறக்கினார். படம் எடுத்துப் பார்த்தபோது நுரையீரலை இரண்டு பக்கமும் அரித்துவிட்டிருந்தது. ஊசியும் மாத்திரையும் இருந்தன, ஆனால் அவளிடம் அவற்றைத் தாங்க உடம்பு இல்லை. நான் பக்கத்தில் போனதும் அடையாளம் கண்டுகொண்டு சிரித்தாள். “வாசல்ல வந்தேளே, நீங்கதானே?” என்றாள். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கேட்டது என்ன தெரியுமா? “அன்னிக்கு ஏம்மா இல்லைன்னு சொன்னீங்க?” சாகக் கிடக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது! அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மூச்சு வாங்க வாங்க, நடுநடுவே நிறுத்தி, பொறுமையாகப் பதில் சொன்னாள்.

“மாமியாருக்கு எதிர்க்க எப்படிச் சொல்றது? நாத்தனாருக்கு வரன் வந்துண்டிருந்தது. ஆத்துல க்ஷயம்னு ஒரு வார்த்தை வெளியில போனா அவளை யார் பண்ணிப்பா? அவ என்ன பாவம் பண்ணினா? நீங்க ரெண்டாந்தடவை வந்தேளே, அதுக்கே பொண்ணு பார்க்க வரவா வரலை. அப்புறம் இந்த டப்பாவை அன்னிக்கே குடுத்திருந்தாலும் நான் எப்போ துப்பறது? கார்த்தால எழுந்ததும் ஸ்நானம். மடி கட்டிண்டு தளிகைக்குப் போயாகணும். மடியில இருந்துண்டு துப்ப முடியுமா, சொல்லுங்கோ.” இருமி முடித்து வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “படித்துறையில கேட்டிருந்தேள்னா சொல்லியிருப்பேன். மாமியாருக்கு முழங்கால் வலி, கிணத்தடியிலயே குளிச்சுப்பர். காவேரிக்கு நான் தனியாத்தான் வருவேன். முங்கறதுக்கு முன்னாடி துப்பினா தோஷமில்லை. அதான் அப்புறம் முங்கிடறோமே” என்றாள். இவ்வளவுதான். ஆறு மாதமாக நாங்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை அவள் ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டு அவிழ்த்துப் போட்டுவிட்டாள். பங்குனியில் இறந்துபோனாள். செய்தி வந்தபோது நான் சளி டப்பாக்களை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தேன். அழுதேன். அன்றைக்கு மட்டுமில்லை. அவளுடைய படிவம் அலமாரியில் அப்படியே இருந்தது. நாலு ‘இல்லை’, கீழே என் கையெழுத்து.

டாக்டரம்மா அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நூலைப் பாத்தியே, அதை எங்கே எழுதறதுன்னு நான் இடம் விடலையே” என்று சொல்லி, பென்சிலால் கடைசியில் ஒரு நீளக் கட்டம் போட்டார். ‘நர்ஸ் கண்டது’ என்று அதற்குத் தலைப்பு எழுதினார். அடுத்த வாரத்திலிருந்து நான் வெள்ளைப் புடவையைப் பெட்டியில் வைத்துவிட்டு, சுங்குடிப் புடவையும் செம்பும் சோப்புமாக விடியற்காலையில் ஸ்ரீரங்கத்துப் படித்துறைக்குப் போனேன். குளித்தேன், பெண்களோடு பேசினேன். பத்து நாள் வரைக்கும் பிள்ளைப்பேறு, அரிசி விலை, நாத்தனார் கொடுமை என்று ஊர்க்கதைதான். பதினோராம் நாள் ஒரு பெண் தானாகவே, “ஏங்க, சாயங்காலமானா உடம்பு சுடறது, அது என்னத்தால?” என்று ஆரம்பித்தாள். துணிக்கூடைக்கு அடியில் டப்பா தயாராக இருந்தது. ஈரப் படியில் உட்கார்ந்து எப்படித் துப்ப வேண்டும், மூடியை எப்படித் திருக வேண்டும், தனித் தம்ளர் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவளைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். பிறகு அவள் முங்கி எழுந்து, மடியாக, எதுவுமே நடக்காத மாதிரி வீட்டுக்குப் போனாள். வாசலில் எழுதிய படிவங்களையும் படித்துறையில் எழுதியவற்றையும் டாக்டரம்மா மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, இரண்டும் அதே பெண்களுடையவை என்று எங்களாலேயே நம்ப முடியவில்லை. பலர் பிழைத்தார்கள். மறுபடி ஏதாவது வீட்டுக்குப் போக நேர்ந்தால் தெருவில் ஒரு வீடு விடாமல் எல்லா வீட்டு வாசலிலும் நின்றுவிட்டுத்தான் போவேன். அந்த வேலையைப் பார்த்துத்தான் மேற்படிப்புக்கு இங்கே அனுப்பினார்கள். நான் அதைப் பற்றிப் பெருமைப்பட்டிருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வந்த இரண்டாவது குளிர்காலத்தில் எனக்கு இருமல் ஆரம்பித்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சாயங்காலத்தில் கன்னம் சுட்டது. அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். வேலை செய்கிறவர்களை ஆஸ்பத்திரி டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரிசையில் நிறுத்திக் கேட்பார். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பெண்கள், பின்னால் ஏழெட்டுப் பெண்கள். “இருமல்?” “நோ, டாக்டர்.” “வியர்வை? எடை குறைந்திருக்கிறதா?” “நோ, டாக்டர்.” அவர் எழுதிக்கொண்டார், அடுத்தவளைக் கூப்பிட்டார். மார்புப் படம் எடுக்கிற நாளில் வேறொருத்தியின் வேலை முறையை நான் வாங்கிக்கொண்டு தப்பித்தேன். பொய் சொல்கிறோமே என்ற கூச்சம்கூட அந்த நேரத்தில் இல்லை. ஏன் தெரியுமா? அந்த மாதம்தான் வீட்டிலிருந்து கடிதம் வந்திருந்தது. பத்மாவுக்கு லால்குடிப் பக்கம் ஒரு நல்ல இடம் பார்த்திருக்கிறார்கள், பையனுக்கு ரயில்வேயிலேயே வேலை, பெண் வீட்டில் யாருக்காவது சீக்கு உண்டா என்று தரகர் இரண்டு தடவை விசாரித்துவிட்டுப் போனார் என்று அப்பா எழுதச் சொல்லியிருந்தார். ‘அக்கா சீமையில் நர்ஸ்’ என்பதுதான் அவளுக்குப் பெரிய சீர். அக்காவுக்கே டி.பி. என்றால்? அப்போதுதான் கோதை எனக்குப் புரிந்தாள். வாயைத் திறந்து ‘இல்லை’ என்று சொன்னது அவளும் நானும் ஒரே காரணத்துக்காகத்தான். படிக்காத ஜனங்கள் என்று பஸ்ஸில் பொருமினேனே, அந்த வாயால்தான் நானும் சொன்னேன்.

என்னைக் காப்பாற்றியது அந்த ஒல்லி ஸிஸ்டர். இங்கே படுக்கையை இரண்டு பேர் சேர்ந்து போடுவார்கள், கட்டிலுக்கு ஆளுக்கு ஒரு பக்கம். காலியான ஓர் அறையில் அவளும் நானும் விரிப்பை இழுத்து மடித்துக்கொண்டிருந்தோம். அவள் என்னைப் பார்க்காமலே, “உன் பெல்ட்டில் நீயே ஒரு துளை போட்டிருக்கிறாய்” என்றாள். சீருடையின் மேல் கட்டும் பெல்ட். “ஆமாம்” என்றேன். “இரண்டாவதும் போட்டிருக்கிறாய்.” நான் தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அப்போதுதான் போட்ட படுக்கையில் என்னை உட்காரச் சொன்னாள். இங்கே அது பெரிய குற்றம், தெரியுமா? “இருமல் எத்தனை வாரமாக?” என்று கேட்டாள். இருக்கிறதா என்று கேட்கவில்லை. நான் வாரத்தைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. என்னைத் திருப்பி ஊருக்கு அனுப்பிவிடுவார்களா என்றுதான் முதலில் கேட்டேன். “முதலில் உனக்கு மருந்து, மற்றதைப் பிறகு பார்க்கலாம்” என்றாள். நான் கோதைக்குச் செய்யாததை அவள் எனக்குச் செய்தாள். நான் நூலைப் பார்த்தேன், பேசாமல் எழுதிவிட்டு வந்துவிட்டேன். அவள் துளையைப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள்.

அதே ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் நோயாளியாகக் கிடந்தேன். தினம் ஊசி. குடலைப் புரட்டும் மருந்துப் பொடி. முன்பு நான் கழுவிய டப்பாக்களில் இப்போது நான் துப்பினேன். எங்கள் ஊர்க் கிளினிக்கில் ‘இதென்ன பெரிய விஷயம், துப்புங்க’ என்று எத்தனை பேரை அதட்டியிருக்கிறேன்! நாலு பேர் பார்க்க, அடி மார்பிலிருந்து இழுத்துத் துப்புவது எவ்வளவு வெட்கம் என்று அப்போதுதான் தெரிந்தது. குணமாகிவிட்டது. திரும்பத் திரும்பப் பார்த்தும் சளியில் கிருமி இல்லை. மறுபடி வேலைக்கு வந்துவிட்டேன். புதிதாக வரும் நோயாளிகளைத் தனியறையில், கதவைச் சாத்திக்கொண்டு கேட்பது என்று இந்த வார்டில் இப்போது வழக்கமாகியிருக்கிறது. ஸ்ரீரங்கத்துப் படித்துறையைப் பற்றி ஸிஸ்டரிடம் சொன்னேன். ஆற்றில் குளிப்பது அவளுக்குக் கடைசி வரைக்கும் புரியவில்லை, மற்றதெல்லாம் புரிந்தது. ஆனால் இவ்வளவு நாளும் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் ஒரு வரிகூட மாறவில்லை. விலாசம் அதே ஆஸ்பத்திரிதானே, கற்பனையாக எதுவும் எழுதத் தேவைப்படவில்லை. ‘இங்கு நான் நலம். அங்கு அனைவரின் நலமறிய ஆவல்’ என்று படுக்கையில் சாய்ந்துகொண்டு எழுதினேன். பத்மாவின் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குப் பொன்மலையிலேயே வேலை என்பதால் அவள் அம்மாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறாள். போட்டோ அனுப்பியிருந்தார்கள். லீவு கிடைக்கவில்லை என்று பதில் போட்டேன். இந்த ஊர்க் காகிதங்களில் என் பெயருக்கு எதிரே ‘உண்டு’ என்று இருக்கிறது. பொன்மலையில் என் பெயருக்கு எதிரே ‘இல்லை’. இரண்டு ஊரிலும் நான்தான் இருக்கிறேன், ஆனால் எனக்கு வந்த வியாதியைக்கூட ஓர் ஊருக்குத்தான் கொடுத்திருக்கிறேன்.

இனி முடியாது. அம்மாவின் இருமல் நான் அங்கே கிளினிக்கில் இருந்தபோதே என்னிடமிருந்து போனதா, எனக்கே வீட்டிலிருந்து வந்ததா, இல்லை வெறும் இருமல்தானா, இங்கிருந்துகொண்டு சொல்ல முடியாது. இதை எழுதி முடித்ததும் ஒரு பிரதி பத்திரிகைக்கும் ஒரு பிரதி விமானத் தபாலில் பத்மாவுக்கும் போகிறது. பத்திரிகையில் என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவும் ஓர் ஒளிவுதான், ஒப்புக்கொள்கிறேன். அக்கரையில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்களும் இப்படி ஏதாவது வைத்திருப்பீர்கள். அந்த ‘நலம்’ என்ற வார்த்தையை வைத்துக்கொண்டுதான் வீட்டில் இருப்பவர்கள் தங்களுடையதை மறைக்கிறார்கள். நாம் மறைத்தால் அவர்களும் மறைப்பார்கள்.

பத்மா, உனக்குத்தான். கோபப்படு, அழு, ஆனால் அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது எனக்கு வியாதி வந்ததைச் சொல்லும் இடத்தை விட்டுவிட்டுப் போகாதே. உன் மாமியார் வீட்டார் இருக்கும்போது வேண்டாம். அப்பா எதிரிலும் வேண்டாம். பின்பக்கம் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போ. ஊர் உலகத்தின் இருமலையெல்லாம் நான் இங்கே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். என் அம்மாவின் இருமல் மட்டும் எனக்கு உன் கையெழுத்தில்தான் கிடைக்கிறது. கையெழுத்து எனக்கு வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை நாளாக என்று மட்டும் கேள். ஒன்றுமில்லை என்றுதான் சொல்லுவாள். நீ அதை எனக்கு எழுதாதே. வண்டியைக் கூப்பிடு.